ஆளுக்கொரு முடிவு

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பாகற்காயும் இனிக்க வேண்டும். கதைப் புத்தகத்தையும் அப்படித்தான் கேட்கிறார்கள். வாங்குகிறவர் பெயரைச் சொன்னால் போதும், அவர் மனசுக்குத் தக்கபடி முடிவை மாற்றி அச்சடித்துத் தருகிறது எங்கள் பதிப்பகத்து மெஷின். நான் அங்கே பார்சல் கட்டுகிறவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

கோவில்பட்டியில் மாரித்தங்கம் டீச்சர் நாவலுக்கு விமர்சனக் கூட்டம் நடந்தது. புத்தகக் கட்டோடு நானும் போயிருந்தேன். கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் ஆறு வயது மகள் செண்பகத்தைப் பற்றித்தான் அந்தம்மா பதினோரு வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தார். கூட்டம் முடிந்ததும் வாசகர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க டீச்சர். அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

"என் புத்தகத்துல அவ டாக்டராயிட்டா."

டீச்சர் எல்லோருக்கும் தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, "ஒருத்தராவது அவளுக்காக அழுவாங்கன்னு நெனச்சேன், அண்ணாச்சி" என்றார்.

பதிப்பாளர் தவமணி நல்ல மனுஷன்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "முடிவை மாத்தலேன்னா யாரும் புத்தகத்தைத் தொட மாட்டாங்க, அண்ணாச்சி. உங்களுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன், பாருங்க" என்று நீட்டினார்.

கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிள்ளை கயிற்றைப் பிடித்து ஏறி வருகிறாள்.

"அந்தப் பிள்ளையைக் கிணத்துலருந்து தூக்குனவன் நாந்தான்யா. அது ஏறி வரலை" என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. "வேற முடிவு போட்டுத் தரட்டுமா, அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.