ஈப்போ கிளையின் தோசை ஆராய்ச்சி

“இன்னுமா அளக்கிறீங்க?”

பேராசிரியர் சதாசிவம் கேட்ட வேகத்தில் தோசைக் கடையே திரும்பிப் பார்த்தது.

சாந்தினி பதறி எழுந்தாள். கையில் இரும்பு ஸ்கேல், ஸ்கேலின் நுனியில் தேங்காய்ச் சட்னி.

“வாங்க சார். இன்னிக்கு அளவு எடுத்துக்கிட்டிருந்தேன்.”

பயனீட்டாளர் நலன் ஆராய்ச்சி வலையமைப்பு சதாசிவத்தின் கனவு. ஊருக்கு ஒரு விரிவுரையாளர், ஆளுக்கு ஒரு கடை; ஈப்போவுக்குச் சாந்தினி. விலையை ஏற்றாமல் தோசையைச் சிறிதாக்குகிறார்களா என்று கண்டுபிடித்து, அரசாங்கத்துக்குக் கொள்கை எழுதிக் கொடுக்க வேண்டும். குறுக்களவா, எடையா என்று தீர்மானிக்கவே கூட்டம் மேல் கூட்டம் நடந்தது. ஓட்டை விழுந்த தோசையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பார்க்கப் போட்ட துணைக்குழு இன்னும் கலையவில்லை.

தைப்பிங் அறிக்கை வந்துவிட்டது. தாப்பாவும் சிலிம் ரிவரும் கூடக் கொடுத்துவிட்டன. மூன்று மாத ஆராய்ச்சியை ஈப்போ மட்டும் இரண்டாவது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது.

“சரி, தோசை சிறுசாச்சா?”

“இல்ல சார்.”

“போன வருஷம்?”

“அப்பவும் இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு இன்னும் அளக்கிறீங்க?”

“டேட்டா பத்தாது சார்.”

“தினமும் ஓசியில தோசை கிடைச்சா எப்படிப் பத்தும்?”

சாந்தினிக்கு முகம் சுருங்கிப் போனது. “காசு கொடுத்துத்தான் சார் சாப்பிடுறேன்.”

“நாளைக்குள்ள அறிக்கை வரணும். இல்லைன்னா உங்க கான்ட்ராக்டைப் புதுப்பிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பக்கத்து மேசையில் தோசைக்குக் காத்திருந்தார் கருப்பம்மாள். அடுக்குமாடி வீடுகளைக் கூட்டிப் பெருக்குகிறவர்.

“ஐயா, அந்தத் தங்கச்சி பாட்டுக்கு அளக்கட்டும் லா. எனக்கு மத்தியானம் வரைக்கும் இந்த ஒரு தோசைதான்.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது ஆராய்ச்சி.”

பின்னால் இருந்த நாலைந்து பேரும் “இருக்கட்டும் சார், இருக்கட்டும் சார்” என்றார்கள். சதாசிவத்துக்கு எரிச்சல் வந்தது. ஊரையே கைக்குள் போட்டுக்கொண்டாளே இந்தப் பெண்!

அவர் பக்கம் பேசிய ஒரே ஆள் கடைக்காரர் சுகுமாரன்தான்.

“சார் சொல்றதுதான் சரி லா. ஆராய்ச்சின்னா ஒரு நாள் முடியணும்தானே?”

சாந்தினி ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தாள். “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

“அலாமாக்!” என்று கருப்பம்மாள் தலையில் கை வைத்தார்.

நிர்வாகம் என்றால் இப்படித்தான் கறாராக இருக்க வேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, சதாசிவமும் ஒரு தோசை சொன்னார்.

சுகுமாரன் கையிலிருந்த பெரிய கரண்டியை ஆணியில் மாட்டினார். டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சின்னக் கரண்டியை எடுத்து, தூசி தட்டி, ஆசையோடு துடைத்தார்.

தோசை வந்தது. அப்பளம் என்று நினைத்து, தோசைக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார் சதாசிவம். வேறு எதுவும் வரவில்லை.

கருப்பம்மாளுக்கும் அதேதான். அவர் இரண்டு வாயில் முடித்து, ஒரு மங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு வாளியைக் கையில் எடுத்தார். சதாசிவத்துக்கு வெட்கமாக இருந்தது.

‘பயனீட்டாளரே, வாய் திறந்து கேளுங்கள்!’ என்று கையேடு எழுதியவர் அவர். மலாயிலும் சீனத்திலும்கூட அது வந்திருக்கிறது. இப்போது வாயைத் திறந்தார்.

“எப்படி சார் தோசை?” என்றார் சுகுமாரன்.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றது அந்த வாய்.

சுகுமாரன் நகர்ந்ததும் மேசைக்கடியில் குனிந்து கைப்பேசியை எடுத்தார்.

“சாந்தினி, அறிக்கையெல்லாம் கெடக்கட்டும். ஈப்போவுக்கு இன்னும் அஞ்சு வருஷ டேட்டா வேணும்னு நானே எழுதுறேன். தைப்பிங், தாப்பா, சிலிம் ரிவர் ஆளுங்களையும் திரும்பக் கடையில போய் உட்காரச் சொல்லணும். நீங்க எங்க இருக்கீங்க? உடனே ஸ்கேலோட வாங்க!”

“நான் எங்க சார் போனேன்? வாசல்லதான் நிக்கிறேன். கருப்பம்மாக்காவைப் போகவிடாம இன்னொரு தோசை சொல்லுங்க சார், அது பெருசா வரும்.”