கை விறைப்புக்கு வைத்தியம்

“இன்னும் கை விறைக்குது, நானா. இனி எனக்கு பஸ்தான். மனுசியோட ஒண்டாப் போற அந்த அரை மணித்தியாலமும் போச்சு!”

கொட்டாஞ்சேனையில் பைக் திருத்தும் ஜாபிர் நானாவுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இதே முறைப்பாட்டோடு நவநீதகிருஷ்ணன் வருவது மூன்றாவது தடவை. ஹேண்டிலுக்கு மெத்தென்ற கிரிப் போட்டாயிற்று, உயரத்தையும் மாற்றியாயிற்று.

“இறுக்கிப் புடிக்க வேணாம்னு சொன்னேனே, தம்பி?”

“பிடிக்காட்டி விழுந்திடுவன், நானா!”

“எங்க, ஏறிக் குந்துங்க பாப்பம்.”

“பொறுங்கோ, வர்ஷினி வரட்டும்.”

பக்கத்துக் கடையிலிருந்து வந்த அவன் மனைவி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி பைக்கை ஸ்டார்ட் செய்தாள். “கிரிப் எனக்கு நல்ல சுகம், நானா!”

நவநீதகிருஷ்ணன் பின்னால் ஏறி, சீட்டின் பின்கம்பியை இரு கைகளாலும் உடும்புப்பிடியாகப் பிடித்தான்.

ஜாபிர் தலையில் அடித்துக்கொண்டார். “கம்பிய விட்டுட்டு அவங்களப் புடிங்க, தம்பி!”

“ஐயோ, வெள்ளவத்தையில சொந்தக்காரர் பாப்பினம்!”

வர்ஷினி திரும்பினாள். “கலியாணத்தில நானூறு சொந்தக்காரருக்கு முன்னால என்ர கையைப் பிடிச்சனீங்கள்தானே? பிடியுங்கோ!”

பைக் சந்தியில் திரும்பும்போது ஜாபிர் எட்டிப் பார்த்தார். கம்பியில் கை இல்லை.