கூரையிலிருந்து பனி
பாலைவனச் சுரங்க ஊரின் இத்தாலியர் சங்கத்துக்கு அது கடைசித் திருவிழா. மறுநாள் கட்டடம் கைமாறுகிறது. நடுக்கோடையில் பனி பொழிய வைத்த மாதாவுக்காக, ஆண்டுதோறும் கூரைத் துளை வழியாக கீழே மண்டபத்தில் வெள்ளை ரோஜா இதழ்களைப் பனிபோலத் தூவுவார்கள். அது எப்போதும் ரொசால்பாவின் வேலை. இம்முறை பரணில் ஏறியவள், கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூவிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். கை எழவில்லை.

கீழே பாட்டு நின்றது. "கொட்டு, ரொசால்பா!" என்று சங்கத் தலைவர் எர்மினியோ கத்தினார். அவள் அசையவில்லை. சற்று நேரத்தில் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. பிறகு எர்மினியோவின் குரல் நடுங்கியபடி மேலே வந்தது.

"போதும்மா, நிறுத்து. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. குளிர் தாங்கல."

ரொசால்பாவின் மடியில் கூடை நிறைய இதழ்கள் அப்படியே இருந்தன.