இறங்காத கோடுகள்

“என் வீட்டுக்காரிக்கு எதுக்கு சார் மறுபடியும் சைபர்?”

பெயிண்டர் மனைவியின் வீட்டுப்பாட நோட்டை மேசைமேல் போட்டார். மாலை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. காலி பெஞ்சுகள்மேல் வெயில் சாய்ந்து கிடந்தது.

“உட்காருங்க ஐயா” என்றார் கணக்கு வாத்தியார். அவருக்குப் பெயிண்டரின் மகன் வயதுதான் இருக்கும்.

“உட்கார வரலை. இன்னொரு சைபர் விழுந்தா பரீட்சை எழுத விடமாட்டீங்களாமே? ஐம்பது வயசுல ஆசைப்பட்டுப் படிக்க வந்தவ சார். வாத்தியாருங்களை எனக்குத் தெரியாதா? எட்டாவதுல ஒருத்தர், ‘உனக்குக் கணக்கு ஏறாது, சுண்ணாம்பு அடிக்கப் போ’ன்னார். அவர் செத்தப்பகூட நான் எட்டிப் பார்க்கலை.”

வாத்தியார் சிரிக்காமல் நோட்டைத் திறந்தார்.

“2x + y = 6. இதுல y-ஐ ஒரு பக்கம் தனியா நிறுத்தணும். அப்பத்தான் கோடு எவ்வளவு சாயுது, y அச்சை எங்கே வெட்டுதுன்னு தெரியும். 2x அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகணும். ஆகலை. இறங்க வேண்டிய கோடு ஏறிடுச்சு. பத்துக் கணக்குலயும் இதே கதை.”

“தப்பா? பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததே நான்தான்!”

சொல்லும்போதே அவர் குரலில் கோபம் கரைந்தது. தினமும் காலையில் அவள், “அடுத்து என்னங்க?” என்பாள். அவர் ஸ்கேலை வைத்துக் கோடு இழுப்பார். அப்புறம் நாள் முழுக்க ஏணியும் மாடிப்படியும் காற்றில் சாயும் மழையும் அவர் கண்ணில் கோடுகளாகவே மிதக்கும்.

வாத்தியார் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இது போன வாரம் வகுப்புல அவங்க தனியா எழுதினது.”

ஐந்து கணக்கு. ஐந்தும் சரி. மைனஸ் எல்லாம் அதனதன் இடத்தில்.

பெயிண்டர் உட்கார்ந்தார்.

“அப்போ... அவளுக்குத் தெரியுமா?”

“முதல் நாள்லேர்ந்தே.”

“பின்னே என்ன எழவுக்கு நான் சொன்னதையே எழுதினா?”

“நானும் கேட்டேன் ஐயா.” வாத்தியார் நோட்டை மெல்ல மூடினார். “‘அவர் ஆசையா இழுக்கிற கோடெல்லாம் மேலேயே போகுது சார். அதைக் கீழே இறக்க எனக்கு மனசு வரலை’ன்னாங்க.”