டில்லரி வீட்டு வாசலில் ஒரு பலகை

லாய்ட் பலகையின் காலைப் புல்தரையில் ஊன்றிச் சுத்தியலை ஓங்கியபோது வீட்டுக் கதவு திறந்தது.

தெருமுனையில் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அவன் நண்பன் டேரில், சத்தமில்லாமல் வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டான்.

வெளியே வந்தவள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் டில்லரியின் மனைவி. தோளில் கம்பளிச் சால்வை, கையில் காப்பிக் கோப்பை. பனி உறைந்த புல் செருப்புக்கடியில் நொறுங்க, நேராக வந்து பலகையின் எதிரே நின்றாள்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரணப் பலகைதான். சிவப்பு எழுத்தில் ஒரே வார்த்தை: 'விற்பனைக்கு'.

தோற்கிற கோச்சின் வாசலில் இதை நட்டுவைப்பது அந்த ஊரில் வெகுகாலமாக இருக்கிற விளையாட்டு. மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். நேற்று சொந்த மைதானத்திலேயே நாற்பது புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கிய பிறகு, பாரில் உட்கார்ந்து, "காலையில நான் நடறேன் பாருங்கடா" என்று மேஜையைத் தட்டியவன் லாய்ட்தான்.

"வீடு விக்கிற ஏஜென்சியிலேர்ந்தா? ரெண்டு மணிக்குத்தானே வரேன்னாங்க?" என்றாள் அவள்.

இல்லை, சும்மா தமாஷுக்கு என்று சொல்லியிருக்கலாம். பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதில்கூடக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

"ஆமா மேடம். இந்தப் பக்கம் வேற வேலை இருந்துச்சு. அப்படியே நட்டுட்டுப் போயிடலாம்னு..."

அவள் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சரி. ஆனா இங்க வேண்டாம், கீழ தண்ணிக் குழாய் போகுது. மரத்துப் பக்கமா தள்ளி நடுங்க. தெருவுல வர்றவங்களுக்கும் நல்லாத் தெரியும்."

கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வந்து, பலகையின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ம், அடிங்க."

தரை கல்லாக இறுகியிருந்தது. அவள் விரல்களுக்கு மேலே சுத்தியல் இறங்கும்போதெல்லாம் லாய்டுக்குத்தான் உடம்பு கூசியது. அவள் கையை எடுக்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. சுவரில் ஒரு படமும் இல்லை. அட்டைப்பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

உண்மையாகவே போகிறார்கள்.

"போன வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டார். இன்னிக்கு மத்தியானம்தான் டீம் பையன்ககிட்ட சொல்லப்போறார். அதுவரைக்கும் வெளியில சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன் மேடம்."

இரண்டு வருஷத்துக்கு முன் டில்லரி கல்லூரி அரங்கில் மேடையேறிப் பேசியது அவன் நினைவுக்கு வந்தது. பழைய ஆட்டக்காரர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், இருப்பதெல்லாம் மீசை அரும்புகிற பையன்கள், அணியை அடியிலிருந்து கட்ட வேண்டும், மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு முதல் ஆளாக எழுந்து நின்று கைதட்டியவன் லாய்ட். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் தோளில் தட்டி எழுப்பி நிற்கவைத்தான்.

"நீங்க ஆட்டம் பார்க்கிறதுண்டா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல மேடம். எனக்கு அதுல அவ்வளவா இஷ்டம் கிடையாது."

தன் கல்யாணத்தையே ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டவன் அவன். சொல்லி முடித்த பிறகுதான் தலையில் கல்லூரி அணியின் தொப்பி இருப்பது ஞாபகம் வந்தது.

அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்த ஊர்ல வீடு சீக்கிரம் போகுமா?"

"குளிர் முடியறதுக்குள்ள போயிடும். கவலைப்படாதீங்க."

இவ்வளவு இதமாகப் பொய் வருகிறதே என்று அவனுக்குக் காது மடல் எரிந்தது.

பலகை நிமிர்ந்து நின்றது. அவள் அதை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் நிக்குது. நன்றி."

லாய்ட் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தான். ஓடாமல் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகம்.

"லாய்ட்."

திரும்பிவிட்டான். திரும்பிய பிறகுதான், அவளிடம் பெயரே சொல்லவில்லை என்பது உறைத்தது.

"நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "திங்கட்கிழமை சாயங்காலம் ஆனா எங்க சமையலறையில உங்க குரல்தான். ரேடியோவுல ஆட்டத்தைப் பத்தின நிகழ்ச்சிக்குப் போன் பண்ணி, 'டயர் கடை லாய்ட் பேசறேன்'னு ஆரம்பிப்பீங்க. நான் நிறுத்தப் போவேன். இருக்கட்டும், சொல்லி முடிக்கட்டும்பார் அவர்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நாளைக்கும் கூப்பிடுவீங்க. எங்களைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க, நாங்க போயிடுவோம். அந்தப் பையன்களைப் பேர் சொல்லித் திட்டறதை மட்டும் விட்டுடுங்க. அவங்க சாப்பிடற இடத்துலயும் அதே ரேடியோதான் ஓடுது."

சரி என்று சொல்ல லாய்ட் வாயெடுத்தான்.

தன் குரலை மறுபடி அவளுக்குக் கேட்கவைக்கக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் அசைத்தான்.