இரண்டு மணிக்குத்தான் பால்

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு ரேவின். மணி ரெண்டு ஆகட்டும், அப்புறம் தூக்கலாம்" என்றாள் எட்னா.

தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில், வேலியோரம் நிறுத்தியிருந்த தள்ளுவண்டியில் ஆறு வாரக் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. ரேவின் ஜன்னலையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வியாழக்கிழமை எடை பார்க்க வந்த நர்ஸ், குழந்தை இளைத்துவிட்டது, பசிக்கும்போதெல்லாம் பால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தக் காலத்து நர்ஸுகளுக்கு என்ன தெரியும் என்று எட்னா அதைத் தட்டிவிட்டாள். ரேவினுக்கோ அன்றிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை.

மேசைமேல் பச்சை அட்டை போட்ட குழந்தை வளர்ப்புப் புத்தகம் கிடந்தது. இருபத்தைந்து வருஷம் கட்டிக் காத்து, எட்னா மருமகளுக்குச் சீதனம்போலத் தந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், நடுவில் எவ்வளவு அழுதாலும் தூக்கக் கூடாது, தூக்கினால் பிள்ளை தாயை ஆட்டிவைக்கும் என்பதெல்லாம் அதில் தடித்த எழுத்தில் இருந்தன.

"பசியிலதான் அத்தை அழறான். எனக்குத் தெரியுது."

"பசி இல்லம்மா, பிடிவாதம். உன் புருஷன் அழாத அழுகையா?"

எதிரே பெரில் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, இருபத்தைந்து வருஷச் சிநேகிதி. சமையல், சீட்டாட்டம், ஊர்வம்பு எல்லாவற்றிலும் எட்னா அவளைக் கூட்டுச் சேர்ப்பாள். பிள்ளை வளர்ப்புப் பேச்சு வந்தால் மட்டும் ஒதுக்கிவிடுவாள், பெரிலுக்குப் பிள்ளை குட்டி கிடையாது என்பதால்.

மகன் நெவிலின் பேச்சை எடுத்ததுமே எட்னாவின் முகம் மலர்ந்துவிட்டது. எட்னாவும் புருஷனும் இந்தத் திமாரு ஊருக்கு வந்து இந்த வீட்டில் குடியேறியபோது அவனுக்கு மூன்று வாரம். புருஷனுக்குக் கம்பளிக் கிடங்கில் புது வேலை. ஜன்னலுக்குத் திரைகூட இல்லை, உட்கார இரண்டே நாற்காலி. ஆனாலும் அந்த நாட்கள் மாதிரி வருமா? சாமான் மூட்டைகளைப் பிரிக்கும் முன்பே புத்தகத்தைப் பிரித்தவள் அவள்.

காலை பத்து மணிக்குப் பால் கொடுத்து, நல்ல காற்றுப் படட்டும் என்று பிள்ளையை மரத்தடியில் விட்டுவிட்டு வருவாள். பன்னிரண்டுக்கெல்லாம் கத்த ஆரம்பித்துவிடுவான். புத்தகம் சொன்னபடி ஜன்னல்களைச் சாத்தி, முன்னறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, ஒண்டியாக உட்கார்ந்து அவளும் அழுவாள். பிள்ளையின் எடை வேறு குறைந்துகொண்டே போயிற்று. ஊரிலிருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதக்கூடப் பயமாக இருந்தது என்றாள்.

"அப்பவும் நான் விட்டுக் கொடுக்கல. ரெண்டாவது வாரம் ஒருநாள் ரேடியோவை நிறுத்திட்டுக் கேக்கறேன், சத்தமே இல்ல. ஓடிப் போய்ப் பாத்தா ராஜா மாதிரி தூங்கறான். அடுத்த தடவை நர்ஸ் தராசுல வெச்சா அரை பவுண்டு ஏறியிருக்கான்! ரெண்டு மணிக்குப் பால் கொடுத்தாலும் ஆலாப் பறக்க மாட்டான். ரெண்டு வாய் குடிச்சிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவான். அதாம்மா ஒழுங்கு."

அந்த நர்ஸ் நெவிலின் எடை அட்டையைத் தெருவிலுள்ள தாய்மாருக்கெல்லாம் காட்டினாளாம். சொல்லும்போது எட்னாவுக்குக் கண் பனித்தது. அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பரிசு அது.

வெளியே அழுகை தேய்ந்து வெறும் விம்மலானது. ரேவினின் சட்டையில் பால் கசிந்து வட்டமாக நனைந்திருந்தது. அவள் எழுந்தாள்.

"உக்காரு. இன்னிக்கு நீ தோத்தா என்னிக்கும் தோத்துடுவ."

ரேவின் உட்கார்ந்துவிட்டாள். நெவிலே இப்படி வளர்ந்தவன்தானே. ஆறடி உயரம், திடகாத்திரமான ஆள்.

பெரில் அந்த நனைந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போய்த் தூக்கிக்கோ ரேவின்."

எட்னா சிரித்துவிட்டாள். "நீ சும்மா இருடி. பெத்தவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

இருபத்தைந்து வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்து மழுப்பியவள் பெரில். இன்று அவள் சிரிக்கவில்லை. ரேவினின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் கை காட்டினாள். ரேவின் ஓடினாள்.

அவள் போன பிறகுதான் பெரில் எட்னாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க குடிவந்த வாரம்தான் நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வந்தேன் எட்னா. அப்பல்லாம் அதை யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. பத்து நாள் காதைப் பொத்திக்கிட்டுப் பாத்தேன், முடியல. என் பிள்ளை போயிடுச்சே தவிர, பால் நிக்கல; மூணு மாசம் உன் நெவில் அதைக் குடிச்சுத்தான் வளந்தான்."