அக்கரை ஆந்தைகள்

வைகாசி மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, நூற்றிருபது ஆண் காக்கைகளைத் திரட்டிக்கொண்டு தளபதி கருவேலன் ஆற்றின் அக்கரைக்குப் படையெடுத்தான். அங்கே பனந்தோப்பில் இருக்கும் ஆந்தைகள் இக்கரைப் புளியமரத்துக் காக்கை முட்டைகளைத் திருடத் திட்டமிடுவதாக அவன் அறிவித்திருந்தான்.

அடைகாத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அஞ்சனை கேட்டாள்: "ஏங்க, அக்கரை ஆந்தையை இந்த மரத்துல யாராவது பாத்திருக்காங்களா?"

"பாத்த பிறகு கிளம்பினா நான் தளபதியா, இழவுக்கு வந்தவனா?"

"நீங்க இரை கொண்டு வரலைன்னா நான் கூட்டை விட்டு எழுந்து போகணுமே."

"நாலு நாள் சமாளி. நம்ம முட்டைக்காகத்தானே போறேன்!"

போர் ஒன்பது நாள் நடந்தது. தோப்பில் ஆந்தைகள் இல்லை, பருந்துகள்தான் இருந்தன. அவற்றிடமிருந்து கிளிகளை மீட்கவே வந்ததாகக் கருவேலன் சொன்னான். கிளிகள் அதற்குள் தோப்பைக் காலிசெய்திருந்தன. நாற்பத்தொரு காக்கைகள் திரும்பவில்லை.

இக்கரையில் அஞ்சனை பசி தாங்காமல் தினமும் இரை தேடப் போனாள். ஒருநாள் அவள் திரும்பியபோது பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு குயில் விருட்டென்று பறந்தது. பதறிப்போய் முட்டைகளை எண்ணினாள். நான்கும் இருந்தன.

ஒரு கண்ணை இழந்து வந்த கருவேலனும் எண்ணினான். "ஒண்ணுகூடக் குறையல, பாத்தியா!" என்றான். மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மரமே கரைந்தது. அஞ்சனைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் பொரிந்த குஞ்சுக்குக் கருவேலன் தானே இரை ஊட்டி, "இவன்தான் அடுத்த தளபதி" என்றான்.

ஆடி நான்காம் தேதி காலை, அந்த மூத்த பிள்ளை கூவியது.